கணக்கில் தெரிகிறது, கையில் வரவில்லையே!

வங்கிக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் 34 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அதில் 11 வருடம் கிளியரிங் சீட், அதாவது ஒரு வங்கியின் செக்குக்கு இன்னொரு வங்கியிலிருந்து பணம் வாங்கிச் சேர்க்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வருவதற்குள் செக் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுவிடுவார். "இப்ப யார் சார் செக் எழுதறாங்க, எல்லாம் ஜிபே" என்று ஆசிரியர் குழுவில் ஒரு தம்பி சிரித்தார். இந்த மாதம் வந்த கடிதக் கட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டு அட்வான்ஸ், பழைய வண்டி விற்ற காசு, ஜாப் ஒர்க் பாக்கி, எல்லாம் இன்னும் செக்கில்தான் ஓடுகிறது.

கே: பழைய டிராக்டர் டிரெய்லரை 1,85,000 ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவர் செக் எழுதி, அவரே என் வங்கிக் கிளையில் போட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் என் போனில் பேலன்ஸ் பார்த்தால் தொகை சேர்ந்து தெரிகிறது. "அதான் பணம் வந்துடுச்சே அண்ணே, டிரெய்லரை மாட்டிக்கிட்டுப் போறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், கரூர்

கொடுக்காதீர்கள். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் டிரெய்லர் போய்விடும் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விளக்கம்.

செக்கைப் போட்டதும் பல வங்கிகளில் கணக்கில் ஒரு வரவு தெரியும். அது தாழ்ப்பாள் போட்ட வரவு. எங்கள் பாஷையில் அன்கிளியர்டு. மொத்த பேலன்ஸில் அது சேர்ந்து நிற்கும்; அதன் கீழே 'அவைலபிள் பேலன்ஸ்' என்று இன்னொரு எண் இருக்கும். பெரும்பாலும் பொடி எழுத்தில். அந்தப் பொடி எழுத்துதான் உங்கள் பணம். மேலே உள்ளது, வந்தால் உங்கள் பணம்.

இடையில் என்ன நடக்கிறது? நீங்கள் போட்ட செக் காகிதம் உங்கள் வங்கியை விட்டு வெளியே போவதே இல்லை. ஸ்கேனரில் மூன்று படம் எடுக்கிறார்கள். முன்பக்கம் சாம்பல் சாயலில் ஒன்று, சுத்தக் கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இந்தப் படங்களும், செக்கின் அடியில் காந்த மையில் அச்சாகியிருக்கும் எண்களும்தான் பயணம் போகின்றன. காகிதத்தை உங்கள் வங்கி 10 வருடம் கட்டி வைக்க வேண்டும். அந்த அடி வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் செக் எண். அடுத்த ஒன்பதில் முதல் மூன்று ஊர், நடு மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னை என்றால் 600, மதுரை 625, கோவை 641. உங்கள் ஊர்ப் பின்கோடின் தலைதான் அது.

படம் போய்ச் சேர்ந்ததும் எழுதியவருடைய வங்கி பார்க்கும்: கணக்கில் பணம் இருக்கிறதா, கையெழுத்து ஒத்துப்போகிறதா, 'இதற்குப் பணம் தராதே' என்று ஸ்டாப் பேமென்ட் கொடுத்திருக்கிறாரா. 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும். முன்பு இதற்கு அடுத்த வேலை நாள் வரை ஆகும். 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி முறையை மாற்றியது. கட்டிச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் பழக்கம் போய், செக் வர வர ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதியவருடைய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரியா, திருப்பலா என்று சொல்ல வேண்டும். வாயே திறக்காவிட்டால் 'சரி' என்றே கொள்ளப்படும். வங்கிகளுக்குள் கணக்குத் தீர்ந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் கணக்கில் பணத்தை விட வேண்டும். அடுத்த கட்டமாக மூன்றே மணி நேரம் என்றும் அறிவிப்பு வந்தது. அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஆள் செக் போட்டது எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "நாலரை இருக்கும்" என்றீர்கள். அதற்குள் அன்றைக்குச் செக் அனுப்பும் நேரம் முடிந்துவிட்டது, அது அன்றைய ஆட்டத்திலேயே சேரவில்லை. நல்ல மனுஷராக இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல மனுஷர் ஒரு நாள் பொறுப்பார். பொறுக்க முடியாத அவசரம் என்றால் செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம் போகும் நெஃப்டில் அனுப்பட்டும். அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் ஓடுகிறது. பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ் கேட்காதீர்கள், அது 2 லட்சத்தில்தான் தொடங்கும்.

இன்னொரு வகை ஆளும் உண்டு. விலைக்கு மேல் எழுதிய செக்கைப் போட்டுவிட்டு, "தப்பா கூடுதலா எழுதிட்டேன், மிச்சம் 40,000ஐ மட்டும் இப்பவே ஜிபேல அனுப்புங்க" என்று போன் செய்வார். நீங்கள் அனுப்பும் 40,000 அந்த நொடியே போய்விடும். அவருடைய செக் மறுநாள் திரும்பி வரும். என் சீட்டுக்கு எதிரே ஒரு மளிகைக் கடைக்காரர் பாஸ்புக்கை நீட்டி, "இதோ வரவு ஆகியிருக்கே, அச்சடிச்சிருக்கே சார்" என்று அந்த வரியை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். அதற்கு அடுத்த வரியில் அதே தொகை பற்றாக அச்சாகியிருந்தது. அதை அவர் அதுவரை பார்க்கவில்லை.

கே: செவ்வாய்க்கிழமை மத்தியானம் 12 மணிக்கு டிராப் பாக்ஸில் செக் போட்டேன். வெள்ளிக்கிழமை வரை எதுவுமில்லை. கிளையில் கேட்டால் "பாக்ஸ்ல போட்டீங்களா, ரசீது இருக்கா?" என்கிறார்கள். பாக்ஸ் எப்படி ரசீது கொடுக்கும்?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

கொடுக்காது அம்மா. அதனால்தான் பெரிய தொகையை அதில் போடாதீர்கள் என்று நான் தொண்டை வற்றச் சொல்வது. கவுன்ட்டரில் நீட்டினால் வாங்கி, சலானின் அடிக்கட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தே ஆக வேண்டும். எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. "கவுன்ட்டரிலும் கொடுத்து ஒப்புகை பெறலாம்" என்று அந்தப் பெட்டியின் மேலேயே எழுதி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எத்தனை பெட்டியில் எழுதியிருக்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் பெட்டி மரத்தில் செய்தது. அடிப்பலகை ஒரு பக்கம் லேசாக விலகியிருந்தது. அந்த இடுக்கில் ஒரு செக் செருகிக்கொண்டு 11 நாள் நின்றது. பெட்டியைத் திறந்து கையை விட்டு அள்ளினால் தட்டுப்படாது. வெள்ளையடிக்க வந்தவர் பெட்டியைச் சாய்த்தபோது கீழே விழுந்தது. அதுவரை அந்த வாடிக்கையாளரிடம் நாங்கள் எல்லோரும், நான் உள்பட, "நீங்க போட்டிருக்கவே மாட்டீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் திரும்ப வந்தபோது நான் ரெக்கார்டு ரூமில் போய் நின்றுகொண்டேன்.

உங்கள் விஷயத்தில் முதல் வேலை, செக் கொடுத்தவரிடம் அந்த எண்ணுக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுக்கச் சொல்வது. அப்புறம் வங்கிக்கு எழுத்தில் புகார். செக் வங்கியின் கையில் தொலைந்தால் பொறுப்பு செக்கை வாங்கிய வங்கிக்குத்தான், வாடிக்கையாளருக்கு இல்லை. மறு செக் வாங்க ஆகும் செலவையும், தாமதத்துக்கு வட்டியையும் வங்கி தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. ஆனால் பெட்டியில் போட்டதை நிரூபிக்கும் பாடு உங்களுடையது. போடும்போது செக்கைப் போனில் படம் எடுத்தீர்களா? இல்லையென்றால் கிளையின் கேமராப் பதிவைப் பார்க்கச் சொல்லி உடனே எழுதிக் கொடுங்கள். பழைய பதிவு அழிந்துவிடும்.

கே: செக்கைத் தமிழில் எழுதலாமா? எழுதினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

தாராளமாக எழுதலாம் ஐயா. செக் தாளில் அச்சடித்திருப்பது இந்தியும் ஆங்கிலமும். ஆனால் எழுதுபவர் இந்தியிலோ, ஆங்கிலத்திலோ, அந்தந்த வட்டார மொழியிலோ எழுதலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை, அதுவும் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நம் எண்ணுப் பெயர்களில் ஒன்பது ஒரு பொல்லாத ஆசாமி. 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். எழுத்தில் 'தொள்ளாயிரம்', எண்ணில் 9,000 என்று எழுதிய செக்குகளை நான் கை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்பது 1881ஆம் வருடத்துச் சட்டம். நடைமுறையில் வங்கி அந்த வாதத்துக்கே போகாது, செக்கைத் திருப்பிவிடும். அடித்துத் திருத்தவும் முடியாது. பெயரிலோ தொகையிலோ திருத்தம் இருந்தால், பக்கத்தில் நீங்கள் பத்துக் கையெழுத்துப் போட்டாலும், படமாகப் போகும் கிளியரிங்கில் ஏற்க மாட்டார்கள். வேறு செக் எழுத வேண்டியதுதான்.

தொகையை இடது ஓரத்தை ஒட்டித் தொடங்குங்கள். 'ஐந்தாயிரம்' என்று நடுவில் எழுதி வைத்தால், முன்னால் 'அறுபத்து' என்று சேர்க்க நிதானமாக இடம் இருக்கிறது. முடிவில் 'மட்டும்'.

கே: வணிகவியல் படிக்கிறேன். முன்பு வெளியூர் செக் என்றால் வாரக்கணக்கில் ஆகும் என்று அப்பா சொல்கிறார். அப்படி என்னதான் செய்தார்கள் அத்தனை நாளும்?
— ஒரு மாணவர், திருநெல்வேலி

தம்பி, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம்!

ரிசர்வ் வங்கி அலுவலகம் இல்லாத ஊர்களில் பெரும்பாலும் ஸ்டேட் பேங்க்தான் கிளியரிங் ஹவுஸ் நடத்தும். எங்கள் ஊரில் அது மெயின் பிராஞ்சின் மாடி. ஒரு நீள மேஜை, மேலே சத்தம் போடும் ஒரு ஃபேன். காலை 11 மணிக்கு எல்லா வங்கி ஆட்களும் ரெக்ஸின் பையோடு வந்துவிடுவோம். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்ட செக் கட்டு, அதன் மேல் கூட்டல் சீட்டு. என்னிடம் இருக்கும் உங்கள் செக்கை நான் தருவேன், உங்களிடம் இருக்கும் என் செக்கை நீங்கள் தருவீர்கள். எல்லோரும் கொடுத்ததையும் வாங்கியதையும் கூட்டினால் பைசா சுத்தமாக நேராக வேண்டும். வராவிட்டால் ஒருத்தரும் டீ குடிக்கக்கூடப் போக முடியாது.

ஒரு நாள் 90 ரூபாய் இடித்தது. "ஒன்பதால வகுபடுதா பாருடா" என்றார் மூத்த ஹெட் கிளார்க். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், யாரோ அடுத்தடுத்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது முதல் சந்தேகம். கட்டுகளைப் பிரித்துத் தேடினோம். 1,540 ரூபாய் செக், சீட்டில் 1,450. எழுதியவன் நான்தான். நீ எப்போதாவது ஆடிட் வேலைக்குப் போனால் இந்த ஒன்பது விஷயத்தை மறக்காதே.

இது உள்ளூர் செக் கதை. வெளியூர் செக் என்றால் அதைத் தபாலில் அந்த ஊர்க் கிளைக்கு அனுப்பி, அவர்கள் அங்கே கிளியரிங்கில் போட்டு, பணம் வந்ததும் எங்களுக்கு அட்வைஸ் என்ற தகவல் சீட்டு அனுப்பி, அது வந்த பிறகு உன் அப்பா கணக்கில் வரவு. ஒரு காலகட்டத்தில் மாநிலத் தலைநகரச் செக்குக்கு 7 நாள், பெருநகரத்துக்கு 10, மற்ற ஊர்களுக்கு 14 நாள் என்று உச்ச வரம்பே வைத்திருந்தார்கள். அதற்குள் வந்தாலே பெருமை. படம் எடுத்து அனுப்பும் சிடிஎஸ் முறை 2008இல் டில்லியில் தொடங்கி, 2011இல் சென்னைக்கும் 2013இல் மும்பைக்கும் வந்தது. ரெக்ஸின் பை அத்தோடு ஓய்வு பெற்றது. என் பை இன்னும் வீட்டில் இருக்கிறது, கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் அதில்தான்.

கே: மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். காரை விற்று 8,400 டாலர் செக்கை வங்கியில் நேரில் போட்டாள். மறுநாள் 275 டாலர் மட்டும் எடுக்க முடிந்ததாம். மீதிக்கு ஏதோ தேதி சொல்கிறார்களாம். அங்கேயுமா இப்படி?
— ஒரு வாசகி, சேலம்

அங்கே இதற்கென்றே 1987இல் ஒரு சட்டம் போட்டார்கள். வங்கிகள் செக் பணத்தை நாள்கணக்கில் வைத்துக்கொண்டு வட்டி பார்க்கின்றன என்ற புகாரில் பிறந்தது. அதன்படி சாதாரண செக் போட்டால் முதல் 275 டாலரை அடுத்த வேலை நாளே விட வேண்டும். 2025 ஜூலைக்கு முன்பு அது 225. மீதி பொதுவாக இரண்டாவது வேலை நாளில். ஒரே நாளில் போட்ட செக்குகள் 6,725 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதியை இன்னும் சில நாள் நிறுத்தி வைக்கலாம். கணக்குப் புதிது என்றாலும், இருப்பதற்கு மேல் எடுத்து அடிக்கடி ஓவர்டிராஃப்ட் ஆகியிருந்தாலும் அப்படியே. ஆனால் காரணத்தையும், பணம் எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். உங்கள் மகளுக்குச் சொன்னது அந்தத் தேதியைத்தான். இதில் தப்பு ஒன்றுமில்லை.

நான் கவலைப்படுவது வேறு இடத்தில். நம் ஊரில் எழுதியவர் வங்கி 'சரி' என்ற பிறகு தாழ்ப்பாள் திறக்கிறது. அங்கே சட்டம் சொன்ன நாள் வந்தால், செக் நல்லதா கெட்டதா என்று தெரிவதற்கு முன்பேகூடப் பணத்தை விட்டாக வேண்டும். பத்து நாள் கழித்து அது போலி என்று திரும்பி வந்தால், மகளுடைய கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அங்கே மோசடிக்காரர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். "எடுக்க முடிகிறது" என்பதை "கிளியர் ஆகிவிட்டது" என்று அவள் எண்ண வேண்டாம். வங்கியில், "எழுதியவர் பேங்க் பணம் கொடுத்துவிட்டதா?" என்று தனியாகக் கேட்கட்டும். கார் சாவியைக் கொடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை.

கே: வீட்டைக் காலி செய்தேன். 80,000 அட்வான்ஸுக்கு ஹவுஸ் ஓனர் கொடுத்த செக், பணம் போதாது என்று இரண்டு தடவை திரும்பிவிட்டது. "அடுத்த வாரம் போடுங்க" என்கிறார். என் வங்கி ஒவ்வொரு தடவையும் என் கணக்கில் அபராதம் பிடிக்கிறது. இது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

நியாயமில்லைதான். திருப்பியதற்கும் கூலி உண்டு, அதை ஓனரிடம் சேர்த்துக் கேளுங்கள்.

செக்கோடு வந்த ரிட்டர்ன் மெமோவை எங்கே வைத்தீர்கள்? அது துண்டுச் சீட்டு மாதிரி இருக்கும், ஆனால் உங்கள் வழக்கு மொத்தமும் அதில்தான். அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஓனருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் அதே 1881ஆம் வருடத்துச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2015இல் வந்த திருத்தத்தின்படி, உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டிலேயே போடலாம். ஓனர் ஊருக்கு அலைய வேண்டாம்.

முதல் தடவை நோட்டீஸ் விடாததால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. திரும்பப் போட்டு மறுபடி திரும்பினால், அந்தப் புது மெமோவை வைத்தும் வழக்குப் போடலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் செக்கின் ஆயுள் தேதியிலிருந்து மூன்றே மாதம். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று அவர் இழுப்பது அதைத் தாண்டவைக்கத்தான் என்பது என் அனுபவம். வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள்.

கே: 6,20,000 ரூபாய் செக் எழுதிக் கொடுத்தேன். கணக்கில் பணம் இருந்தும் திருப்பிவிட்டார்கள். பார்ட்டி முகத்தில் எப்படி முழிப்பது?
— பனியன் ஜாப் ஒர்க் செய்யும் வாசகி, திருப்பூர்

பாசிட்டிவ் பே கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். 2021 ஜனவரி 1 முதல் உள்ள ஏற்பாடு. 50,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ செக் எழுதினால் செக் எண், தேதி, யார் பெயர், தொகை எல்லாவற்றையும் முன்கூட்டியே உங்கள் வங்கிக்கு ஆப்பிலோ கிளையிலோ சொல்லி வைப்பது. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி அதைக் கட்டாயமாக்கலாம், பல வங்கிகள் ஆக்கியும்விட்டன. பார்ட்டியிடம் மெமோவைக் காட்டச் சொல்லுங்கள். 'பணம் போதாது' என்று அதில் இருக்காது. உங்கள் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கே: கல்யாணத்தில் மாமா கவரில் வைத்துக் கொடுத்த 5,001 ரூபாய் செக், பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. நாலு மாதம் ஆகிவிட்டது. தேதியை நானே மாற்றிப் போடலாமா?
— புது மணமகள், விருதுநகர்

கூடவே கூடாது. 2012 ஏப்ரலுக்கு முன்பு என்றால் ஆறு மாதம் செல்லும், நீங்கள் தப்பித்திருப்பீர்கள். இப்போது மூன்று மாதம்தான். மாமாவிடம் காட்டி வேறு செக் கேளுங்கள். மொய்ச் செக்குக்கு 138ஆம் பிரிவெல்லாம் கிடையாது, அது கடன் இல்லை. அதனால் மாமியும் பக்கத்தில் இருக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்பது உத்தமம்.